பீபி தாத்தா லைசன் எடுத்த கதை

பலாபத்வலயில் பீபியைத் தெரியாத பெண்கள் குறைவு. ஐம்பத்திரண்டு வயது. முஸ்லிம் பெண்கள் அணியும் நீண்ட அங்கியான அபாயா தைப்பவர். கடை கிடையாது. அளவு நாடாவோடு வீடு வீடாகப் போய் அளவெடுப்பார். தைத்ததை அவரே கொண்டுபோய்க் கொடுப்பார். இளையவர்கள் அவரை 'தாத்தா' என்பார்கள். அங்கே அதற்கு அக்கா என்று பொருள். யட்டவத்த போகும் பஸ்ஸுக்குக் காத்து நின்றே பாதி நாள் போய்விடுகிறதென்று, போன வருடம் மின்சார ஸ்கூட்டர் ஒன்று வாங்கினார்.

"பெற்றோல் வண்டி இல்லதானே தாத்தா, லைசன் ஒண்ணும் தேவையில்ல. சைக்கிள் மாதிரித்தான்" என்றான் விற்றவன். பீபி நம்பினார். கணவர் யாகூபும் நம்பினார்.

நான்கு மாதம் ஒரு தொல்லையும் இல்லை. ஒருநாள் காலை பிரதான வீதியில் பொலிஸ்காரர் ஒருவர் கையைக் காட்டினார்.

"லைசன்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

பீபியும் சிங்களத்திலேயே பதில் சொன்னார். "இது கரண்ட் வண்டி சேர்."

"நம்பர் பிளேட்?"

"கரண்ட் வண்டி சேர்."

"ஹெல்மட்?"

பீபி மறுபடியும் வாயைத் திறந்தார். பொலிஸ்காரர் முந்திக்கொண்டார். "விழுந்தா, கரண்ட் வண்டின்னு ரோடு பாவம் பார்க்குமா அம்மா?"

வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நின்ற பீபி, குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டப்பணம் கட்டி வீடு வந்தவர் இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை. கூண்டில் நின்றதை யார் யார் பார்த்தார்களோ என்ற நினைப்பே அவரைத் தின்றது.

"வண்டிய வித்துருவமா?" என்று மெதுவாகக் கேட்டார் யாகூப்.

"வண்டி என்ன தப்பு செஞ்சிச்சு? கேட்டு விசாரிக்காம ஓட்டினது நான்."

மூன்றாம் நாள் விற்ற கடைக்குப் போய், பதிவுக்கு வேண்டிய கடதாசிகள் கைக்கு வரும்வரை கதிரையை விட்டு எழும்பவில்லை. பிறகு மருத்துவச் சான்றிதழ் எடுத்தார். எழுத்துப் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கினார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு யாகூப் புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பார். முப்பது வருடமாக லொறி ஓட்டும் யாகூபுக்கே பல வீதி அடையாளங்களின் அர்த்தம் தெரியவில்லை.

"இது என்ன போர்டு?" என்று அவர் கேட்டால், "அங்கதான் நீங்க தினமும் லொறிய நிப்பாட்டுறீங்க. நிப்பாட்டக் கூடாதாம்" என்பார் பீபி.

எழுத்துப் பரீட்சையில் முதல் தடவையே தேறினார். ஓட்டிக் காட்டும் பரீட்சையில்தான் சறுக்கினார். எட்டுப் போடும்போது முக்காட்டின் மடிப்புகள் மேல் உட்கார்ந்திருந்த தலைக்கவசம் வழுக்கி வந்து கண்ணை மூடியது. கால் ஊன்றிவிட்டார். தோல்வி.

அன்று வீட்டுக்கு வந்ததும் தையல் மெஷினில் உட்கார்ந்தார். மெல்லிய பருத்தித் துணியில், தலையோடு ஒட்டி நின்று கழுத்தையும் மூடும் ஒரு தொப்பி தைத்தார். ஊசி வைக்காமல், முடிச்சுப் போடாமல் மாட்டலாம். மேலே தலைக்கவசத்தை வைத்து, கண்ணாடி முன்னால் நின்று தலையை இப்படியும் அப்படியும் உலுக்கினார். அசையவில்லை. "இந்தா பாருங்க!" என்று யாகூபைக் கூப்பிட்டு, அவர் முன்னாலும் உலுக்கிக் காட்டினார்.

இரண்டாம் தடவை போனபோது பரீட்சகர், "வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார்.

"ஸ்டார்ட்லதான் இருக்கு சேர். சத்தம் வராது."

பரீட்சகர் சிரித்துவிட்டார். பீபி ஒரு கோட்டையும் தொடாமல் எட்டுப் போட்டு வந்து நின்றார்.

வரிசையில் காத்திருந்த ஜெஸ்லா என்ற இளம் ஆசிரியை ஓடி வந்தாள். "தாத்தா, இந்தத் தொப்பி எங்க வாங்கினீங்க?"

அந்த மாதம் ஜெஸ்லாவின் பாடசாலையிலிருந்து மட்டும் ஒன்பது தொப்பிகளுக்கு ஓடர் வந்தது. யட்டவத்தையிலிருந்தும் கேட்டார்கள். அபாயா தைக்க நேரம் போதாமல் போயிற்று. பீபிக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று யாகூப் ஸ்கூட்டரின் பின்னால் ஏறினார்.

"ஹெல்மட்?" என்றார் பீபி.

"பள்ளி கிட்டத்தானே!"

பீபி சாவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முணுமுணுத்தபடியே யாகூப் ஹெல்மட் எடுக்க உள்ளே போனார்.