மாமன் சொன்ன பந்திப் படம்

என் வீட்டு ஹாலில் சுவரை அடைத்தாற்போல் ஒரு டிவி மாட்டியிருக்கிறேன். ரொக்கம் கொடுத்து வாங்கியது. மூன்றாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன்தான் நான். காசிமேட்டில் ஐஸ் சுமந்தவனுக்கு இன்றைக்கு எண்ணூர் ரோட்டில் சொந்த ஐஸ் ஃபேக்டரி. படித்தவர்கள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, இருப்பதைச் சொல்கிறேன். பேரப்பிள்ளைகள் அந்த டிவியில் சாப்பாட்டுப் படமாகத் தேடித் தேடிப் பார்க்கிறார்கள். சமையல்காரன் கதை, ஓட்டல் கதை, ஊர் பேர் தெரியாத தேசத்துக் கதை எல்லாம். நானும் கூட உட்கார்ந்து பார்க்கிறேன். என் தாய்மாமன் சொன்ன படத்துக்குக் கிட்டே வர ஒன்றுக்கும் யோக்கியதை இல்லை.

மாமன் அம்மாவுக்குத் தம்பி, கல்யாணம் ஆகாதவர். ராயபுரத்தில் எங்கள் ஒற்றை அறை வீட்டில்தான் இருந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்குவார், மீதி நேரம் சினிமாக் கொட்டகை. எனக்கு அப்போது ஏழெட்டு வயது. மழைக்காலம், கடலில் இறங்க முடியாமல் அப்பா வீட்டில் கிடந்தார். சோறும் சுட்ட கருவாடும்தான். தட்டு வைத்ததும் மாமன் படத்தை ஆரம்பிப்பார். ஜமீன் வீட்டுக் கல்யாணம், பந்தி போடுகிறார்கள். வஞ்சிரம் கல்லில் விழும் சத்தத்தை வாயாலேயே போடுவார். இறால் தொக்கு வரும், நெய் ஊற்றுவார்கள். வெறும் சோறு எங்களுக்கு உள்ளே போவதே தெரியாது. பாதியில் "இடைவேளை!" என்று கத்திவிட்டு, தன் தட்டுச் சோற்றை உருட்டி உருட்டி என் வாயில் போடுவார்.

"நீ துன்னலியாடா?" என்பாள் அம்மா.

"கொட்டாயிலயே துன்னுட்டேன் அக்கா. வயிறு கல்லாட்டம் கீது."

அந்தப் படம் திருவொற்றியூர்க் கொட்டகைக்கு வந்ததும், அழுது அடம்பிடித்து அப்பாவோடு போனேன். படம் முழுக்கக் கோர்ட்டு, கொலை, ஒப்பாரி. பந்திக்காகக் கண் கொட்டாமல் காத்திருந்தேன். வணக்கம் போட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். "யோவ் மாமு, நீ டுபாக்கூரு! படத்துல ஒரு எலகூட போடல!"

"நீ தூங்கிகினு இருந்திருப்படா."

அப்பா சிரித்தார். "முழிச்சிகினுதான் இருந்தான். நானும்தான் பார்த்தேன். எந்தக் கொட்டாய்ல பார்த்த மச்சான் நீ?"

அம்மா சிரிக்கவில்லை. தம்பியின் ஒட்டிப்போன கன்னத்தையும் தோளையும் பார்த்தாள். "அப்ப கொட்டாயில துன்னேன் துன்னேன்னியே, அதுவும் பொய்யா?" என்று ஒரு பிடி சோற்றைப் பிசைந்து நீட்டினாள். "என் கண்ணு முன்னால ஒரு வாய் துன்னு."

மாமன் வாங்கிக்கொண்டார். மென்றார். அது இறங்கவில்லை. கண்ணில் தண்ணீர் முட்ட, அப்படியே கையில் துப்பினார்.

"முழுங்க முடியல அக்கா. நைனாவுக்கு வந்த மாதிரியே கீது."

அவர்களுடைய அப்பா தொண்டையில் கட்டி வந்து செத்தவர். அம்மா மாமனின் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். ஓர் இடத்தில் அவள் விரல் நின்றுவிட்டது.

"பார்த்தியா! நான்தான் கண்டுபுடிச்சேன்!" என்று நான் குதித்தேன். பளார் என்று அறை விழுந்தது. அம்மா என்னை அடித்தது அதுதான் முதல் தடவை.

பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். மாமனுக்குக் குரலும் போயிற்று. தை பிறப்பதற்குள் மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு எடுத்துப் போனோம்.

அதற்கு முந்தின நாட்களில் அம்மா கஞ்சியைத் துணியில் வடிகட்டி மாமனுக்குக் கரண்டியால் ஊட்டுவாள். கொட்டகைப் பக்கமே போகாத அம்மா, அந்தப் படத்தை அவருக்குச் சொல்வாள். "எல போட்டாச்சுடா. வஞ்சிரம் வருது, வாயத் தொற. இந்தா, தொக்கு. இன்னும் ஒரு வாய்." மாமன் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவார். கொஞ்சம் இறங்கும், கொஞ்சம் வழியும். நான் வாசற்படியில் உட்கார்ந்து கறுவிக்கொண்டிருந்தேன். உண்மை சொன்ன எனக்கு அறை. பொய் சொன்னவருக்குத் தலையைத் தடவித் தடவி ஊட்டல். போதாததற்கு, வெறும் கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு வஞ்சிரம் என்கிறாளே, இந்த அம்மாவும் மாமனைப்போல டுபாக்கூர் ஆகிவிட்டாளே என்று.