மருந்துக் கணக்கில் வராத எண்ணெய்

போன கிழமை என் மூத்த சகோதரி, ராத்தாவோடு கொழும்புக்குப் போய்வந்தேன். ராத்தா சாய்ந்தமருதில் டீச்சர். பிள்ளைகளிடம் உண்மை பேசச் சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிப்போனவர். அவரே பொய் சொன்னால்?

விஷயம் இதுதான். இரண்டு வருடத்துக்கு முன் இரைப்பையைச் சிறிதாக்கும் ஒப்பரேஷன் செய்தார். ஆள் பாதியாகிவிட்டார். ஆனால் தோல்? வயிற்றில் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. நம் கரையோரப் புழுக்கத்தில் மடிப்புக்குள் வியர்த்து, அவிந்து, புண். மகளின் கல்யாணத்துக்கு முன் அதை வெட்டி எடுத்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

கொழும்பு டொக்டர் பொறுமையாகச் சொன்னார் — பெரிய வெட்டு. இரத்தம் நிறையப் போகலாம். காலில் இரத்தம் கட்டி நெஞ்சுக்கு ஏறலாம். இரைப்பை சிறுத்தவர்களுக்குச் சத்துக் குறைவு, காயம் ஆறச் சுணங்கும்.

கல்யாண வீட்டில் இன்னும் சோறு வேண்டுமா என்று கேட்டதுபோல, எல்லாவற்றுக்கும் ராத்தா "ஓம் டொக்டர், ஓம் டொக்டர்!"

"என்ன மருந்து பாவிக்கிறீங்க?"

"விட்டமின் மட்டுந்தான் டொக்டர். வேற ஒண்டுமில்ல."

அன்று காலையில்தான் லொட்ஜில், என் கண்முன்னே, ஒரு கரண்டி கருஞ்சீரக எண்ணெய் குடித்திருந்தார்.

"ராத்தா, கருஞ்சீரக எண்ணெய்...?"

"டேய், அது மருந்தாடா? அது பரக்கத்து, அல்லாஹ்ட அருள்!"

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "வேற?"

"பச்ச உள்ளி... பிறகு மூட்டு நோவுக்குக் கடையில வாங்கிற குளிசை. அதும் நொந்தாத்தான் டொக்டர்."

எண்ணெய், பூண்டு, குளிசை மூன்றுமே இரத்தப்போக்கைக் கூட்டக்கூடியவையாம். அந்த வலி மாத்திரை சிறுத்த இரைப்பையையும் புண்ணாக்குமாம். "எல்லாத்தையும் நிப்பாட்டுங்க. இரத்தம் சோதிச்சிட்டு வாங்க, பிறகு பாப்பம்" என்றார். கல்யாணத்துக்கு முன் ஒப்பரேஷன் இல்லை!

நாம் இப்படித்தான். டொக்டர் தந்தால் மருந்து. உம்மா தந்தால், பேஸ்புக்கில் பார்த்து வாங்கினால் — அது சாப்பாடு. உள்ளே போன பிறகு இரத்தத்துக்கு அந்த வித்தியாசம் தெரியுமா என்ன?

கருஞ்சீரகத்தைக் குறை சொல்லவில்லை, நானும் சாப்பிடுகிறவன்தான். கத்தி பிடிக்கப்போகிறவரிடம் மறைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

திரும்பி வரும்போது, பஸ் அம்பாறை தாண்டியதும் ராத்தா என் பக்கம் திரும்பினார்.

"நீ மட்டும் வராட்டி, நான் இண்டைக்கே திகதி எடுத்திருப்பன்."

"ஓம் ராத்தா... ஒப்பரேஷனுக்கா, மௌத்தாப்போய் அடக்கத்துக்கா எண்டுதான் தெரியா!"