கடலிலிருந்து ஒரு விரிவுரை

கொரோனாவால் யாழ்ப்பாணம் மூடிக் கிடந்த நாட்களில், தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றின் விரிவுரையாளர் உதயகலா வாரந்தோறும் சூம் இணைய வகுப்பில் ஒரு விருந்தினரைப் பேச வைத்தார். மாணவர்கள் வருவார்கள், கமெராவைத் திறக்கமாட்டார்கள். கேள்விகளையும் உதயகலாவே கேட்பார். ஏழாவது வாரம் பருத்தித்துறைப் படகு மெக்கானிக் டினேசை அழைத்தார்.

டினேஸ் படகிலிருந்து தோன்றினார்.

“வீட்டிலை சிக்னல் இல்லை ரீச்சர். கடலுக்கை நல்லா வருது.”

பத்தாவது நிமிடத்தில், மெல்ல ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் நின்றுவிட்டது. டினேஸ் போனைப் பலகையில் சாத்திவைத்து, மூடியைக் கழற்றி, ஒவ்வொரு பாகமாகக் காட்டி விளக்கியபடியே திருத்தத் தொடங்கினார். படகு கரையைவிட்டு விலகிக்கொண்டிருந்தது. கமெராக்கள் திறந்து, திரையில் மாணவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. எஞ்சின் உறுமியபோது முப்பத்தொரு பேரும் கைதட்டினார்கள்.

“அண்ணை, எங்களுக்குப் படிப்பிக்கத்தானே நிப்பாட்டினனீங்கள்?” என்று கஜானி என்ற மாணவி கேட்டாள்.

“இல்லைத் தங்கச்சி, அது தானாத்தான் நிண்டது. நானும் பயந்துபோனன்.”

மாத அறிக்கையில் ‘தொழில்நுட்பக் கோளாறுகள்’ என்ற இடத்தில் உதயகலா எழுதினார்: ‘ஒன்று. பேச்சாளரே திருத்திவிட்டார்.’