அவள் குடிக்காத கஷாயம்

மேட்டூர் அணை எழும்பிக்கொண்டிருந்த காலம். என் அப்பா கல்லடைப்பில் துடித்துச் செத்தவர். எனக்கும் சிறுநீரகத்தில் கல் வந்துவிடக் கூடாதென்று, என் மனைவி தினமும் விடியலில் வேலியோரத்துப் பூளைப்பூவைப் பறித்துக் கஷாயம் வைத்துத் தருவாள்.

கல் வந்தது அவளுக்கு.

ஒரு மத்தியானம், வலியில் சுருண்டு கிடந்தவளிடம் அதே கஷாயத்தை நீட்டினேன். தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"குடிச்சா ஒதுங்கப் போகோணுமுங்க. பொழுது எறங்கட்டுங்க."

எங்கள் ஊரில் பெண்கள் இருட்டிய பிறகுதான் காட்டுப்பக்கம் போவார்கள். அதனால் இத்தனை வருடமும் பகலெல்லாம் தொண்டை நனைய மட்டுமே அவள் தண்ணீர் குடித்திருக்கிறாள் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

அந்த மாதமே போய்விட்டாள்.

பிறகு மகளுக்காக, வீட்டுக்குப் பின்னால் நாலு கம்பு நட்டுத் தென்னந்தடுக்கால் மறைப்புக் கட்டினேன். அரைநாள் வேலைகூட இல்லை.