ஜப்பான் கல்லுக்குப் பொட்டு வைத்தேன்

என் மகள் ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். இந்தத் தடவை லீவுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து அவள் முதலில் வெளியே எடுத்தது ஒரு கல். நாலு துணி சுற்றி, பச்சைப்பிள்ளையைக் கொண்டுவருகிற மாதிரி கொண்டுவந்திருந்தாள்.

"யம்மா, இது ஒனக்கு."

"ஊருல எல்லா மகளும் சென்ட்டு பாட்டிலு கொண்டாருவாளுக. என் மக கல்லத் தூக்கியாந்திருக்கா" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் கல்லைத் தடவிக்கொண்டிருந்தேன். சோப்புக் கட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. வெளிறின பச்சை, நடுவில் மஞ்சளாக ஒரு கோடு. கத்தி தீட்டுகிற கல், மலையில் வெட்டி எடுத்தது, மிஷினில் செய்தது இல்லையாம். நாலு பக்கவாட்டிலும் சிவப்பாக ஏதோ பூசியிருந்தது. கேட்டால் நகப்பாலிஷ் என்கிறாள். அது அடுக்கடுக்கான கல்லாம், ஓரத்து வழியாகத் தண்ணீர் இறங்கினால் பிளந்துவிடுமாம். ஏதாவது பூசி வைக்கும்படி கல் விற்ற கடைக்காரர் சொன்னாராம். இவள் கையில் இருந்தது அதுதான். கூடவே அதே இனத்தில் எலுமிச்சை அளவு ஒரு குட்டிக் கல்லும் இருந்தது.

எனக்கு எதற்குக் கல் என்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் திண்டுக்கல்லில் சலூன் வைத்திருக்கிறார். இப்போதெல்லாம் பிளேடைப் பாதியாக ஒடித்துச் செருகிக்கொள்கிற கத்திதான். அதற்கு முன்னே முழுச் சவரக்கத்தி. அவருக்குத் தீட்டுவதற்குப் பொறுமை கிடையாது. அந்தக் கத்திகளை வீட்டுக்குக் கொண்டுவந்து போடுவார், நான் சோறு வடித்துவிட்டு உட்கார்ந்து தீட்டுவேன். "ஒன் கையி கையிதான்பா" என்று வருகிறவர்கள் எல்லாம் அவரைச் சொல்வார்கள். அவரும் கேட்டுக்கொள்வார். நான் கடைக்குள் போனதே இல்லை. ஆம்பளைகள் உட்கார்ந்திருக்கிற இடம். சாப்பாட்டுத் தூக்கை வாசலோடு கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்.

கல் வந்த அதே வாரம் பக்கத்து ஊர் அகரத்திலிருந்து ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் கடைக்கு வந்தார். கையில் அவர் அப்பாவின் சவரக்கத்தி. யாரோ சக்கரத்தில் சாணை பிடிக்கிறவரிடம் கொடுத்து, வாய் ரம்பம் மாதிரி பொரிந்து போயிருந்தது. நன்றாக ஆக்கிக் கொடு என்றிருக்கிறார். என் வீட்டுக்காரர் சும்மா இருந்திருக்கலாம். "ஞாயித்துக்கெழமை வாங்க சார், இதே கத்தியால ஒங்களுக்குச் சவரம் பண்ணி விடுறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஞாயிறு என்றால் கடை நிறைந்திருக்கும். அத்தனை பேர் முன்னால் அந்த முகத்தில் ரத்தம் வந்தால் போவது இவருடைய இத்தனை வருஷத்துப் பேர். போக்கினது என் கையாக இருக்கும்.

இரண்டு நாள் நம்மூர்க் கறுப்புக் கல்லில் தேய்த்துப் பொரிந்த இடத்தை எல்லாம் எடுத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, ஜப்பான் கல்லைக் கழுவி, நடு முகத்தில் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, சூடம் காட்டினேன். வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் செய்கிறதுதான். பிறகு ஈரத் துணியால் துடைத்துவிட்டுக் கத்தியை வைத்து இழுத்தேன்.

கர் என்றது.

அது நல்ல சத்தம் இல்லை. பேப்பர் படிக்கிற லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தால் கத்தி வாயில் முடி முடியாகக் கீறல். துடைத்தது போக மிச்சக் குங்குமமும் சந்தனமும் கல்லில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

"யம்மா, இதுமேல தூசிகூடப் படக்கூடாதுன்னு கடக்காரரு சொன்னாரும்மா. நீ குங்குமத்த அப்பி வச்சிருக்க."

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா பொட்டு வைக்காம எப்படி எடுக்குறது?"

"கத்திக்கும் சேத்து வச்சிருக்கலாம்ல" என்றார் இவர். "சாருக்குச் சவரமும் ஆயிரும், பொட்டும் வச்சு விட்ட மாதிரி ஆயிரும்."

சிரித்துக்கொண்டே லென்ஸை வாங்கிப் பார்த்தார். பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "போன் போட்டு, வரவேணாமுன்னு சொல்லிரவா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"செத்த நேரம் பொறுங்க."

கடையில் மாற்றின பழைய கண்ணாடி ஒன்று கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அதன்மேல் உப்புக்காகிதத்தை நனைத்துப் பரப்பி, கல்லைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்தேன். முதலில் ரோஸ் நிறத்தில் தண்ணீர் ஓடியது. பிறகு வெள்ளையாக. மகள் ஆசையாகக் கொண்டுவந்ததைத் தேய்த்து இளைக்க வைக்கிறோமே என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் விடவில்லை. முகம் கழுவின மாதிரி கல் தெளிந்தது.

அப்புறம் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குட்டிக் கல்லால் அதன்மேல் தேய்த்தேன். அரிசி கழுவின தண்ணீர் மாதிரி பால் வந்தது. கத்தியின் முதுகும் வாயும் இரண்டும் கல்லில் படுகிற மாதிரி கிடத்தி, தள்ளி, புரட்டி, இழுத்தேன். பால் கறுத்தது. கறுப்பது இரும்பு, அப்படியென்றால் கல் தின்கிறது. எனக்குக் கை பரபரத்தது. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டினேன். பால் நீர்த்து, நீர்த்து, கடைசியில் வெறும் தண்ணீர் ஆனபோது கத்தி கல்லைப் பிடித்துக்கொண்டது. ஈரத் தரையில் கண்ணாடித் தம்ளர் ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்னுமே, அப்படி. சத்தம் சுத்தமாக நின்றுபோனது. நம்மூர்க் கல்லில் இத்தனை காலமும் எனக்கு இப்படி ஒரு தடவைகூட ஆனதில்லை. குக்கர் எத்தனை விசில் அடித்ததோ, மகள்தான் அடுப்பை அணைத்திருக்கிறாள்.

தோல்வாரில் இழுத்து மெருகேற்றி முடித்ததும் மகள் தலையில் ஒரு முடியைப் பிடுங்கித் தொங்கவிட்டுக் கத்தியில் பட வைத்தேன். பாதி முடி கீழே கிடந்தது.

"யாத்தே" என்றாள். "இன்னொன்னு பண்ணும்மா."

ஏழோ எட்டோ முடி போனது. "போதும்மா, ஜப்பானுக்கு மொட்டத் தலையோட போக முடியாது" என்றாள்.

முடி வேறு, முகம் வேறு. சனிக்கிழமை முழுக்க லென்ஸை எடுத்துக் கத்தி வாயைப் பார்ப்பதும் மூடி வைப்பதுமாக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தூக்கைக் கொடுக்கிற சாக்கில் மகளோடு போனேன். அவள் நேராக உள்ளே போய்விட்டாள். வேறு வழியில்லாமல் நானும் போய்ச் சுவரோரம் நின்றேன். ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். நான் தரையையே பார்த்தேன். ஹெட்மாஸ்டர் நுரையோடு கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். இவர் கத்தியை விரித்தார். அதற்குமேல் தரையைப் பார்க்க முடியவில்லை.

கத்தி காதோரம் இறங்கியது. தாடையில் வளைந்தது. கழுத்துக்கு வந்தது. நான் சிவப்பைத் தேடினேன். வெள்ளை நுரைதான் வழிந்தது.

கொஞ்ச நேரம் பொறுத்து ஹெட்மாஸ்டர் கண்ணைத் திறந்தார். "ஏம்ப்பா, ஆரம்பிக்கலையா இன்னும்?"

"ஒரு பக்கம் முடிஞ்சிருச்சு சார்."

அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி தொட்டுப் பார்த்தார். மறுபக்கமும் முடிந்து படிகாரம் போட்டபோதும், எரியவில்லையே என்றார். "ஒன் கையி கையிதான்பா."

இவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"தீட்டுனது நானுங்க சார்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். அத்தனை பேரும் திரும்பினார்கள்.

ஹெட்மாஸ்டர் கழுத்துத் துணியோடு எழுந்து திரும்பினார். "அப்பாவோடது இன்னும் ரெண்டு கத்தி வீட்டுல கெடக்கு தாயி. கொண்டாரட்டுமா?"

"நாளைக்கே கொண்டாங்க சார்" என்றேன்.