முதல் வேலை: தாய்மாரிடம் கேட்பது

கேகாலையில் சனி, ஞாயிறுகளில் போய்ப் படித்த முகாமைத்துவ டிப்ளோமாவில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் லீனியர் புரோகிராமிங். இருக்கிற ஆளையும் நேரத்தையும் மரத்தையும் வைத்து எத்தனை மேசை, எத்தனை நாற்காலி செய்தால் அதிக லாபம் வரும் என்று கண்டுபிடிக்கிற கணக்கு. மீறக்கூடாத எல்லைகளை வரிசையாக எழுதிக் கொடுத்துவிட்டால் ஆகச் சிறந்த விடையைக் கம்ப்யூட்டர் சொல்லிவிடும். பரீட்சையில் நன்றாகவே எழுதினேன். மேசைக்குப் பசிக்காது, நாற்காலி அழாது. அதனால் அது சுலபமாக இருந்தது.

நான் புளத்கொகுபிட்டிய பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். டிப்ளோமா முடித்ததும் அதே தோட்டத்து ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. எங்கள் தோட்டத்தில் இரண்டு டிவிஷன்கள். ஓடைக்கு இந்தப் பக்கம் கீழ்க்கணக்கு, ஓடையைக் கடந்து செங்குத்தாக ஏறினால் மேல்கணக்கு. நாளைக்கு எந்த மலையில் எத்தனை பேர் கொழுந்து பறிப்பது என்பதை அதுவரை வாய்ப்பேச்சில்தான் முடிவு செய்தார்கள். நான் அதைக் கணக்காக்கிக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தேன். பெரிய தொரைக்கு, அதாவது எங்கள் மேனேஜருக்கு, வாயெல்லாம் பல். எனக்கும் தலைகால் புரியவில்லை. கொழுந்துக்கூடை சுமந்த வீட்டுப் பெண் போட்ட கணக்கில் தோட்டமே நடக்கிறது என்றால் சும்மாவா?

வினையும் அங்கிருந்துதான் வந்தது. கணக்கில் ஒரு வரி இருந்தது. பாலூட்டும் தாய்மாரைப் பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்து மலைகளுக்கு மட்டுமே அனுப்ப வேண்டும் என்ற வரி. பிள்ளைக் காம்பரா என்றால், தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம். பால் நேரத்தில் ஓடி வந்து ஊட்டிவிட்டு மலைக்குத் திரும்புவார்கள். டிவிஷனுக்கு ஒன்று இருந்தது. கீழ்க்கணக்குக் காம்பராவில் என் மகளும் இருந்தாள். அப்போது அவளுக்குக் குப்புற விழக்கூடத் தெரியாது.

பெரிய தொரை திரையைப் பார்த்தார். "இந்த வரிய எடுத்துட்டு ஓட்டிப் பாருங்க மிஸ்" என்றார்.

"அது பால் குடுக்கிற அம்மாமாருக்கு உள்ளது சார்."

"பாத்தா என்ன? இதுல தொடக்கூடாதுன்னு ஒண்ணும் இல்ல."

எடுத்துவிட்டு ஓட்டினேன். கொழுந்து கூடியது. கணக்கு பொய் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னது. கீழ்க்கணக்குக் காம்பராவை மூடி உர ஸ்டோராக்கலாம், குழந்தைகளையெல்லாம் மேல்கணக்குக்கு ஏற்றிவிடலாம், தாய்மாரை எந்த மலைக்கும் அனுப்பலாம் என்று அவர் அங்கேயே முடிவு செய்துவிட்டார். நான் பிசகாமல் போட்ட கணக்கு என் பிள்ளையின் தொட்டிலையே அவிழ்க்க வந்து நின்றது.

அன்று மத்தியானம் ஒவ்வொரு வரியாக மறுபடி பார்த்தேன். பெரிய தொரை குடியிருக்கும் பங்களாத் தோட்டத்துக்கு நாள்தோறும் அனுப்பும் ஆட்களும் அதில் ஒரு வரி. புல் வெட்டவும், ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றவும், தொரையின் நாயைக் குளிப்பாட்டவும் போகிறவர்கள். அந்த எண்ணிக்கை எந்தக் காலத்திலும் குறைந்ததில்லை. குறைக்கலாமா என்று கேட்டவரும் இல்லை. தாய்மார் வரியைத் திரும்பப் போட்டேன். பங்களா வரியை எடுத்தேன். ஓட்டினேன். இப்போதும் கொழுந்து கூடியது.

கொழும்பிலிருந்து கம்பெனி டைரக்டர் வந்த அன்று இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினேன். டைரக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். பெரிய தொரை சிரிக்கவில்லை. டைரக்டரின் கார் போனதும் என்னைக் கூப்பிட்டார்.

"யாரு உங்கள பங்களா வரியத் தொடச் சொன்னது?"

"நீங்கதான் சார். தொடக்கூடாதுன்னு ஒண்ணும் இல்லைன்னு சொன்னீங்களே."

"உங்க பிள்ளையும் அங்கதானே இருக்கு? அதுக்காகத்தானே இவ்வளவும்?"

"ஆமா சார். என் பிள்ளைக்கும்தான்."

இதில் நான் கூச என்ன இருக்கிறது? அவருடைய ரோஜாவுக்காக அவர் ஒரு வரி வைத்திருந்தார். என் பிள்ளைக்காக நான் ஒரு வரி கேட்டேன். எதை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்பதைக் கம்ப்யூட்டரைத் தட்டுவதற்கு முன்பே எல்லோரும் முடிவு செய்துவிடுகிறார்கள். பிறகு கம்ப்யூட்டர் சொன்னது என்று கை கழுவுகிறார்கள். இதை எந்த மேடையிலும் சொல்வேன்.

டைரக்டரின் சிரிப்பு சிரிப்போடு போயிற்று. காம்பராவை மூடும் திட்டம் அப்படியே இருந்தது. அதற்கு அட்டவணை போடும் வேலையும் என் தலையிலேயே விழுந்தது. எந்த வேலை முதலில், எது முடிந்தால் எது தொடங்கலாம் என்று கோடு கோடாகக் காட்டும் அட்டவணை. மாட்டேன் என்றால் வேறு யாராவது போட்டிருப்பார்கள். அதனால் நானே போட்டேன். தொட்டில்களை ஏற்றுவது, தண்ணீர்க் குழாயை மாற்றுவது, கூரைத் தகடு, உர மூட்டைக்குத் தட்டு எல்லாம் எழுதினேன். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று சேர்த்தேன். வேலை: தாய்மாரிடம் கேட்பது. பொறுப்பு: தோட்ட மேனேஜர். இது முடியாமல் அடுத்த எதுவும் தொடங்கக்கூடாது என்று கோடும் இழுத்துவிட்டேன்.

நான் எதையும் ஒளிக்கவில்லை. முதல் வரியிலேயே கொட்டை எழுத்தில் இருந்தது. பெரிய தொரை கடைசித் தேதியை மட்டும் பார்த்துவிட்டுக் கொழும்புக்கு அனுப்பினார். கொழும்பும் சரி என்றது. ஏன் ஒரு வேலையும் தொடங்கவில்லை, முதல் வேலை உங்கள் பெயரில்தானே நிற்கிறது என்று அங்கிருந்து போன் வந்த பிறகுதான் அதை வாசித்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். நானும் பார்த்தேன்.

மறுநாள் காலை பெரட்டுக்கு வந்தார். ஆட்களை மலைக்குப் பிரித்து அனுப்பும் இடத்தில், தூறலில், தாய்மார் குழந்தைகளோடு நின்றார்கள். நான் ஆபீஸ்காரர் பக்கம் நிற்கவில்லை. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர்களோடு நின்றேன். மேல்கணக்கில் புதுத் தரை, புது விளையாட்டுச் சாமான் என்று அவர் தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லி முடித்தார். பிறகு என் அண்ணி முன்னால் போனாள். அண்ணன் பெண்சாதி, கைக்குழந்தைக்காரி.

"கேக்கத்தானே வந்தீங்க தொரை? சொல்றோம். இந்தப் புள்ளையத் தூக்கிக்கிட்டு மேல்கணக்கு வரைக்கும் நடங்க. நாங்க பின்னால வர்றோம்."

சொன்னவள் குழந்தையை அவர் கையில் கொடுத்தேவிட்டாள். அவர் வாங்கிக்கொண்டார். எல்லோர் முன்னாலும் வேறு என்ன செய்வார்? நடந்தார். ஓடைக்கல்லில் அவருடைய சப்பாத்து வழுக்கியது. ஏற்றம் தொடங்கும் இடத்தில் குழந்தை வீரிட்டது. ஆட்டிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், நிற்கவில்லை. "பபாட்ட படகினி" என்றார். குழந்தைக்குப் பசி என்று தன்னை அறியாமல் சிங்களத்தில் வந்துவிட்டது.

"தெரியும் தொரை" என்றாள் அண்ணி. "கீழ்க்கணக்குக் காம்பராவுல அது அழுதா மலையில நிக்கிற எனக்குக் கேக்கும். மேல்கணக்குல அழுதா கேக்காது. அவ்வளவுதான் எங்க பதில்."

குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு அவர் ஜீப்பை நோக்கி நடந்தார். அவள் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து பால் கொடுத்தாள். நாங்கள் அவளைச் சுற்றி நின்றோம். அன்று மலைக்குப் போக நேரமாயிற்று. யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

மூட வேண்டாம் என்று அவர் இன்றுவரை சொல்லவில்லை. முதல் வேலை முடிந்தது என்று குறிக்கவும் சொல்லவில்லை. கேட்டார், பதிலும் கிடைத்தது. அதை எழுதித் தன் கையெழுத்தைப் போடத்தான் அவருக்கு மனம் வரவில்லை. பங்களாவில் ரோஜா பூக்கிறது, பூக்கட்டும். என் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். கீழ்க்கணக்குக் காம்பராவில் வேறு குழந்தைகள் அழுகிறார்கள். ஆபீஸ் ஜன்னல் வரை கேட்கிறது. அட்டவணை என் கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கிறது. முதல் வேலை முடியவில்லை, மற்றதெல்லாம் அதன் பின்னால் நிற்கிறது. அழித்துவிடு என்றாலும் அழிக்க மாட்டேன்.