‘த’வுக்குப் பின் வந்த சொல்

பேசுவதில் இடர்ப்படுவோருடன் விளையாடிப் பொழுதுபோக்கத் தொண்டர்களைப் பழக்கும் வகுப்பொன்று ஹட்டனில் நடந்தது. ஓய்வுபெற்ற தமிழாசிரியனான நானும் சேர்ந்தேன். பயிற்றுவித்த பெண்மணி மெலிந்தவர். சேலைக்கு மேல் ஆண்கள் அணியும் கம்பளிச் சட்டை போட்டிருப்பார். எதைக் கேட்டாலும், விடை வரும்வரை முகம் மாறாமல் காத்திருப்பது அவர் வழக்கம்.

பக்கவாதத்தால் பேச்சுத் தடைப்பட்ட தேயிலைத் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவருடன் கேரம் ஆட என்னை அமர்த்தினார். அந்த மனிதர் தோட்டத்து லயக் குடியிருப்பை விட்டு வெளியே வருவது இந்த ஆட்டத்துக்காக மட்டுமே என்றும் சொல்லிவைத்தார்.

ஆட்டத்தின் நடுவே அம்மனிதர், "த... த..." என்று திணறினார்.

"தண்ணீரா?" என்றேன். இல்லையெனத் தலையசைத்தார்.

"தலைவலியா? தளர்ச்சியா?"

அவர் பலகையைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"ஒக்காருங்கண்ணே, ஐயா இனி வாயத் தொறக்க மாட்டாரு," என்ற பெண்மணி, என் பக்கம் திரும்பி, "அகராதிய மூடுங்க ஐயா," என்றார்.

அம்மனிதர் மீண்டும் அமர்ந்தார். நாங்கள் இருவரும் காத்திருந்தோம். பின்னர் என்னைச் சுட்டி, "தப்பு," என்றார். என் காய் விழாதபோதும் நானே மீண்டும் அடித்திருந்தேன். அது அவருடைய முறை. பிழையை ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஆடினார்.

"நீங்கள் கவனிக்கவில்லையா?" என்று பெண்மணியிடம் பிறகு கேட்டேன்.

"பாத்தேங்க. சண்ட போடுறதும் வெளையாட்டுதானுங்களே. அத நான் போட்டா அவருக்கு என்னா மிச்சம்?"

அம்மனிதர் அந்த ஒரே ஆட்டத்தையும் விட்டு எழுந்தே போயிருந்தால் பெண்மணி என்ன செய்திருப்பார் என்று நான் கேட்கவில்லை. அவ்வளவு துணிவு அந்தப் பெண்மணிக்கு எங்கிருந்து வந்ததென்று இன்றும் விளங்கவில்லை.